தேய்க்காத கை

எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டுல யாருக்காவது தலைவலின்னா நெத்தியில தைலம், வயித்துவலின்னா தொப்புளச் சுத்தித் தைலம், சளின்னா நெஞ்சுல, முதுகுல, உள்ளங்கால்ல தைலம். பச்சைத் தைலத்தத்தான் சொல்றேன், மலாய்க்காரங்க மின்யாக் அங்கின்னு சொல்லுவாங்களே, அது. குசினியில அடுப்புக்கிட்ட ஒரு போத்தல், சாமி மேடைக்குக் கீழ ஒரு போத்தல், கைப்பையில ஒரு போத்தல். பினாங்குல வேலை செய்யுற என் மக லீவுக்கு வந்து கதவத் திறந்த உடனே மூக்கப் பிடிச்சுக்குவா. இது வீடா மருந்துக்கடையான்னு கேப்பா. கேட்டுட்டு, பொழுது சாஞ்சதும் தலைய வலிக்குதும்மான்னு என் மடியிலதான் வந்து படுப்பா.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, என் வீட்டுக்காரரு உசுருக்கு உலை வைக்கப் பாத்தது இந்தக் கைதான். ஆசையா வச்ச உலைதான். ஆனா உலை உலைதானே. மறைச்சு எழுத எனக்கு இஷ்டமில்ல.

அவரு ஃபேக்டரி பஸ் ஓட்டுனவரு. பீடோங்கச் சுத்தி இருக்கிற எஸ்டேட்டுலயும் தாமான் குடியிருப்புலயும் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு, சுங்கைப்பட்டாணியத் தாண்டி, திகாம் பத்து பக்கம் இருக்கிற கையுறை ஃபேக்டரியில கொண்டுபோய் இறக்குவாரு. நானும் அதே ஃபேக்டரியிலதான் பேக்கிங் பண்றேன். இருபது வருஷமா டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டுதான் என் இடம். பொண்டாட்டின்னு ஒரு சலுகையும் கிடையாது. ஒருநாள் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தேன்னு என்னை ரோட்டுல நிக்க வச்சுட்டுப் போயிட்டாரு மனுஷன். பஸ்ஸுல இருந்த நாப்பது பொம்பளைங்களும் சன்னல் வழியா எனக்குக் கை காட்டிக்கிட்டே போனாங்க. அன்னைக்கு அவருக்கு நான் சோறு போடல.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பீடோங் பாசார்ல விழுந்தாரு. மீன் வாங்கிக்கிட்டு இருந்தோம். கெம்போங் மீனோட செவுளத் தூக்கிப் பாத்து, இது நேத்து மீன், ஆகாதுன்னு வாதாடிக்கிட்டு இருந்தவரு, பாதிப் பேச்சுல நிறுத்திட்டாரு. திரும்பிப் பாக்கிறேன், முகம் வெளிறிக் கிடக்கு. அப்படியே சரிஞ்சு ஐஸ் தண்ணி ஓடுற சிமெண்டுத் தரையில உக்காந்துட்டாரு. கண்ணு மேல சொருகிடுச்சு. கைப்பையத் திறந்து தைலத்த எடுத்து நெஞ்சுல வச்சுத் தேய்தேய்னு தேய்ச்சேன். கண்ணத் திறந்தாரு. திறந்ததும் முதல் வார்த்தை, மீன மாத்திக் குடுத்தானா இல்லையாங்கிறதுதான்.

என் தைலம்தான் எழுப்புச்சுன்னு நான் முழுசா நம்புனேன். அந்த நம்பிக்கைதான் பின்னால எல்லாத்துக்கும் காரணம்.

மக போன்ல கத்துன கத்துல மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வார்டுல ரெண்டு நாள் படுக்க வச்சு, உடம்பெல்லாம் ஒயர் மாட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் கையக் கட்டிக்கிட்டு உக்கார்ற பிள்ளை மாதிரி, அவரு இதயம் அவங்க பாக்கும்போதெல்லாம் ஒழுங்கா அடிச்சுச்சு. இவரு எழுந்து உக்காந்து, பாத்தியா எனக்கு ஒண்ணுமில்லன்னு என்னையே முறைச்சாரு.

அங்க இருந்த டாக்டர் நம்ம தமிழ்ப் பிள்ளைதான், என் மக வயசு இருக்கும். எங்கள அங்கிள், ஆண்டின்னுதான் கூப்பிடும். அந்தப் பிள்ள பொறுமையா உக்காந்து சொல்லுச்சு. சில பேருக்கு இதயம் ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு சில வினாடி நின்னுடும், அப்புறம் தானா ஓடும். நிக்கிறப்பப் புடிச்சாத்தான் தெரியும். புடிச்சுட்டோம்னா நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன மிசின் வச்சு, நிக்காமப் பாத்துக்கலாம். புடிக்காம, சந்தேகத்துல மட்டும் வைக்க முடியாது. அடுத்த தடவ நிக்கும்போது அது திரும்ப ஓடுமான்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் அங்கிள் பஸ் ஓட்டக்கூடாது.

கடைசி வரி மட்டும்தான் அவரு காதுல விழுந்துச்சு. எனக்கு அதுக்கு முந்தின வரி விழுந்துச்சு. புடிக்கணும், அவ்வளவுதான். அது அவரக் கொண்டுபோறதுக்கு முன்னாடி நாம அதப் புடிச்சாகணும்.

அதுக்குத்தான் அந்தப் பட்டைய ஒட்டுனாங்க. இடது மாருக்கு மேல, கையளவு ஒரு பசைப்பட்டை, அதுக்கு நடுவுல தீப்பெட்டி அளவு ஒரு சாமான், அதுல ஒரு பட்டனும் பச்சை விளக்கும். ஏழு நாளைக்குக் கழட்டக்கூடாது. இது ரெண்டு வேலை செய்யும் ஆண்டின்னுச்சு டாக்டர் பிள்ள. ஒண்ணு, இதயத்துல ஓடுற கரண்டக் கோடா எழுதும். இன்னொண்ணு, இதயம் அடிக்கிற சத்தத்தக் கேட்டு வச்சுக்கும். கண்ணும் காதும் மாதிரி, ஒண்ணுல சந்தேகம் வந்தா இன்னொண்ணுகிட்டக் கேட்டுக்கலாம். அவருக்கு எப்ப என்ன பண்ணுனாலும் பட்டன அமுக்கி, நேரத்த ஒரு சின்னப் புத்தகத்துல எழுதணும்.

அப்புறம் வார்டு நர்ஸ், மலாய்க்கார மிஸ்ஸி ஒருத்தவங்க, வந்து எது செய்யலாம், எது கூடாதுன்னு வரிசையாச் சொன்னாங்க. இடுப்புக்குக் கீழதான் குளிக்கணும். பவுடர் கூடாது, கிரீம் கூடாது, லோஷன் கூடாது. நான் தலையத் தலைய ஆட்டுனேன். தைலம்னு அவங்க சொல்லல. எனக்கும் கேக்கத் தோணல. தைலம் எப்படிங்க கிரீம் ஆகும்? கிரீம் அழகுக்குப் போடுறது. தைலம் மருந்து. மருந்துக்குப் போன இடத்துல மருந்தையா வேணாம்பாங்க?

அந்த முதல் வாரத்த நினைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது. சத்தம் கேக்கும்னு டாக்டர் சொன்னதுல, நாம பேசுறது எல்லாம் அதுல பதியும்னு அவரு நினைச்சுக்கிட்டாரு. பஸ் கம்பெனி சூப்பர்வைசர ஏசணும்னா, நெஞ்ச ஒரு கையால பொத்திக்கிட்டு வாய மட்டும் அசைப்பாரு. நான் நாடகம் பாத்தா சத்தத்தக் குறை, டாக்டர் பிள்ள கேக்கும்பாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்லிச் சொல்லி நிக்காத கெட்ட வார்த்தை எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குப் பயந்து நின்னுபோச்சு. இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஒண்ணு வாங்கி ஒட்டியிருப்பேன்.

அந்த வாரத்துல மூணு தடவ அவருக்கு வந்துச்சு. ஒருநாள் செய்தி பாத்துக்கிட்டு இருக்கும்போது, ஒருநாள் வாசல்ல பூச்செடிக்குத் தண்ணி ஊத்தும்போது, ஒருநாள் பசியாறும்போது. நெஞ்ச என்னமோ அமுக்குது, கண்ண இருட்டுதும்பாரு. அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கை போத்தலத் திறந்திருக்கும். அதுலயும் நான் பெரிய கெட்டிக்காரின்னு நினைப்பு. பட்டைய அழுக்காக்கக் கூடாதுன்னு, ஓரத்த நகத்தால மெதுவா நெம்பித் தூக்கி, அடியில தைலத்த விட்டுத் தேய்ச்சு, துண்டால துடைச்சு, திரும்ப அமுக்கி ஒட்டிட்டேன். எல்லாம் முடிஞ்ச பிறகு பட்டன அமுக்கி, புத்தகத்துல மணி பாத்து அழகா எழுதுனேன். மூணு தடவையும் அவருக்குச் சரியாப் போச்சு. மூணு தடவையும் நான் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

பட்டையத் திருப்பிக் குடுத்துட்டு வந்தோம். அடுத்த வாரம் கூப்பிட்டாங்க.

டாக்டர் பிள்ள கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுச்சு. கோடு அழகா, ஒரே மாதிரி, ஏறி இறங்கி ஓடிக்கிட்டே இருக்கு. புத்தகத்துல நான் எழுதுன நேரத்துக்கு வந்த உடனே கோழி கிளறின மண்ணு மாதிரி ஆயிடுச்சு. மூணு இடத்துலயும் அதே கதை. ஏழு நாள்ல கெட்டது அந்த மூணு இடம் மட்டும்தான். சத்தத்தையாவது கேட்டுப் பாப்போம்னு அந்தப் பிள்ள ஸ்பீக்கரப் போட்டுச்சு. லப் டப், லப் டப்னு வந்துச்சு. அப்புறம் கர்ர், கர்ர்னு ஒரு இரைச்சல், பலகையில உப்புத்தாளு தேய்க்கிற மாதிரி. அந்த இரைச்சலுக்கு நடுவுல கிணிங், கிணிங்னு ஒண்ணு.

இந்தக் கிணிங் சத்தம் என்னன்னு புரியல ஆண்டின்னுச்சு. மூணு தடவையும் வருது, காத்தாடியில ஏதாவது மாட்டியிருந்துச்சான்னு கேட்டுச்சு.

கை ரெண்டையும் மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டேன். இழுத்த இழுப்புல வளையல் திரும்பவும் கிணிங்னுச்சு. அவரு என் கையப் பாத்தாரு. அப்புறம் சுவத்தப் பாத்தாரு. பக்கத்து வீட்டுல ஆடு வளக்கிறாங்க டாக்டர், அதோட கழுத்து மணியா இருக்கும்னு சொன்னாரு. முகத்துல ஒரு சலனம் இல்ல. எங்க தாமான்ல ஆடு இல்ல, ஆட்டுக்குட்டி இல்ல, கோழி வளத்தாலே கவுன்சில்காரன் வந்து நிப்பான். என்னைக் காப்பாத்தத்தான் ஆட்டக் கொண்டாந்து கட்டுறாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல, டாக்டர்"னு சொன்னேன். "என் வளையல்தான் அது. நான்தான் தேய்ச்சேன்."

அந்தப் பிள்ள ஏசியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஏசல. திரையில ஒரு இடத்த விரலால தொட்டுக் காட்டுச்சு. இரைச்சலுக்கு நடுவுல கோடு கொஞ்சதூரம் படுத்துக் கிடந்துச்சு.

"நின்னது அங்கிளோட இதயமா, இல்ல நீங்க தூக்குனதுல பட்டை விட்டுப்போச்சா, எனக்குச் சொல்லத் தெரியல ஆண்டி. சத்தத்துலயும் உங்க கைதான் கேக்குது."

திரும்பவும் ஒட்டணும்னு சொல்லுச்சு. ஆனா பட்டைக்கு வேற ஆளுங்க காத்திருக்காங்க, மூணு வாரம் ஆகும்.

நான்தான் காரோட்டிக்கிட்டு வந்தேன். பீடோங் சிக்னல்ல சிவப்பு விளக்குல நின்னப்போ, ஆடு நல்லாத்தானே போயிக்கிட்டு இருந்துச்சு, நீ எதுக்கு நடுவுல வந்தேன்னு கேட்டாரு. சிரிக்கத்தான் வாயத் திறந்தேன், அழுகைதான் வந்துச்சு. பின்னாடி நின்ன லோரிக்காரன் ஹார்ன் அடிச்சு அடிச்சு ஓஞ்சே போனான்.

அந்த மூணு வாரத்த எப்படிக் கழிச்சேன்னு எனக்கே தெரியாது. அவரு பாத்ரூமுக்குள்ள போனா நான் கதவுக்கு வெளிய நிப்பேன். தாப்பாள் போடக்கூடாதுன்னு சட்டம் போட்டேன். ஒருநாள் உள்ள தடார்னு சத்தம். விழுந்ததுல புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள ஓடுது. தையல் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்தேன். அந்த மூணு இடத்துல ஒரு இடத்தையாவது நான் கெடுக்காம விட்டிருந்தா, இந்நேரம் நெஞ்சுல மிசின் இருந்திருக்கும், இந்தத் தையல் இருந்திருக்காது. இத யாரும் எங்கிட்டச் சொல்லல. நானே எனக்குத் தினமும் சொல்லிக்கிட்டேன்.

பஸ் வேற டிரைவர் கையில போயிருச்சு. நான் வேலைக்குப் போகும்போது அதே பின் சீட்டுல உக்காந்து யாரோ ஒருத்தரு பிடரியப் பாத்துக்கிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்தா இவரு, புது ஆளு கிளட்ச்ச எப்படி மிதிக்கிறான், அந்த வளைவுல கியர் மாத்துறானான்னு ஒண்ணு விடாமக் கேப்பாரு. நல்லாத்தான் ஓட்டுறாருன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. அதனால தினம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிச்சுக்கிட்டு வந்து சொன்னேன்.

ரெண்டாந்தடவ ஒட்டும்போது டாக்டர் பிள்ள என்னைத் தனியா உக்கார வச்சுச் சொல்லுச்சு. வந்தா முதல்ல பட்டன். மல்லாக்கப் படுக்க வைக்கணும். அவ்வளவுதான். பட்டை இருக்கிற பக்கமே கை போகக்கூடாது, தேய்க்கக்கூடாது, தடவிக்கூடக் குடுக்கக்கூடாது. கண்ணு முழிக்காம, மூச்சும் இல்லன்னா மட்டும் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு நெஞ்ச அமுக்கணும். அத எப்படிச் செய்யுறதுன்னு மிஸ்ஸி ஒரு பொம்மைய வச்சுக் காட்டுனாங்க. மூச்சு இருக்கிற வரைக்கும் உங்க கை உங்ககிட்டயே இருக்கட்டும் ஆண்டின்னுச்சு டாக்டர் பிள்ள. சொல்லும்போது என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு.

ஃபேக்டரிக்கு ஒரு வாரம் லீவு போட்டேன். மூணு போத்தலையும் எடுத்து, எதிர்வீட்டு அக்காகிட்டக் குடுத்து, நான் வந்து காலப் புடிச்சுக் கெஞ்சுனாலும் குடுக்காதீங்கன்னு சொன்னேன். வளையலக் கழட்டி வச்சுடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கண்ணாடி வளையல்தானே, மாட்டுறதும் கழட்டுறதும் நாம எப்பவும் செய்யுறதுதானே. ஆனா புருஷன் இப்படி இருக்கிற நேரத்துல வெறுங்கையோட நிக்க எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? கழட்டல. ரெண்டு கைக்குட்டைய எடுத்து, வளையல் ஆடாம மணிக்கட்டோட சேத்து இறுக்கிக் கட்டிக்கிட்டேன். அவரு பாத்துட்டு, குத்துச்சண்டைக்குக் கிளம்பிட்டியான்னு கேட்டாரு.

அஞ்சு நாள் ஒண்ணும் வரல. வராத ஒவ்வொரு நாளும் எனக்குப் பாதி உசுரு போச்சு. புருஷனுக்கு நெஞ்சுவலி வரணும்னு எவளாவது சாமிகிட்ட வேண்டிக்குவாளா? நான் வேண்டிக்கிட்டேன். வரட்டும், இந்த வாரத்துக்குள்ள வரட்டும், வந்துட்டுப் போகட்டும்னு விளக்கு ஏத்தி வேண்டிக்கிட்டேன்.

ஆறாம் நாள், சாப்பாட்டுக்கு முன்னாடி. அவரு குசினி மேசையில உக்காந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டு இருந்தாரு. நான் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். கிள்ளுறது நின்னுச்சு. "இந்தா, வருது"ன்னாரு.

பாஞ்சு போய்ப் பட்டன அமுக்குனேன். தோளப் புடிச்சு அப்படியே தரையில மல்லாக்கப் படுக்க வச்சேன். முகம் அந்தப் பாசார்ல பாத்த அதே முகம். வேர்த்துக் கொட்டுது. நான் பக்கத்துல உக்காந்து, ரெண்டு கையையும் என் தொடைக்கு அடியில வச்சு, அதுமேல உக்காந்துக்கிட்டேன்.

"தேய்"ன்னாரு.

நான் தலைய ஆட்டுனேன். அவரு கண்ணு என்னைத் தேடுச்சு.

"கொஞ்சம் தேயேன்."

ஐயோ, அந்தக் குரல். இருபது வருஷம் பஸ்ஸுக்குள்ள அதட்டுன குரல் இல்ல அது. என் கை தொடைக்கு அடியில துடிச்சுச்சு. எடுத்துடலாம், ஒரே ஒருதரம், பட்டைக்குப் பக்கத்துல, லேசான்னு அது சொல்லுது. நான் இன்னும் அழுத்தி உக்காந்தேன். நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னேன். அவரு கண்ணு மேல சொருகிடுச்சு.

பச்சை விளக்கு முணுக்கு முணுக்குன்னு மின்னிக்கிட்டு இருந்துச்சு. நான் அவரு வயித்தப் பாத்தேன். ஏறுது, இறங்குது. மூச்சு இருக்கு, அப்ப கை போகக்கூடாது. எத்தனை வினாடின்னு எனக்குத் தெரியாது. அடுப்புல எண்ணெய் காஞ்சு புகைய ஆரம்பிச்சுச்சு. எழுந்து அணைக்கத் தோணல. வீடே எரிஞ்சாலும் அன்னைக்கு நான் அந்தக் கைமேலேருந்து எழுந்திருக்க மாட்டேன்.

அப்புறம் அவரு முகத்துல குப்புன்னு ரத்தம் ஏறுச்சு. கண்ணத் திறந்தாரு. திறந்து என் முகத்தப் பாக்கல, தொடைக்கு அடியில கிடந்த என் கையப் பாத்தாரு. நான் தண்ணி கொண்டுவந்தேன். அவரே எழுந்து உக்காந்து, கிளாஸ அவரே வாங்கிக் குடிச்சாரு. தரையில சிந்துன நெத்திலித் தலையெல்லாம் ஒவ்வொண்ணாப் பொறுக்க ஆரம்பிச்சாரு.

அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். அவர வார்டுல படுக்க வச்சுட்டு, டாக்டர் பிள்ள என்னைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. கரண்டுக் கோடு தரையா ஓடுது. அதுக்குக் கீழ சத்தக் கோடு, அதுவும் தரையா ஓடுது. ரெண்டும் ஒரே இடத்துல நின்னு, ஒரே இடத்துல எழுந்திருக்கு. பட்டை விட்டுப்போயிருந்தா இப்படி இருக்காது, நின்னது இதயம்தான், சந்தேகமே இல்லன்னுச்சு. ஒன்பது வினாடி. இந்த வாரமே மிசின் வச்சுடலாம், நீங்க நல்ல வேலை செஞ்சீங்க ஆண்டின்னு சொல்லி என் தோளத் தட்டுச்சு.

எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. அதோட எழுந்து வந்திருக்கணும். என் புத்தி, அந்தச் சத்தத்த நான் கேக்கலாமான்னு கேட்டேன். வேணாம் ஆண்டின்னுச்சு. நான் எழுந்திருக்கல. போட்டுச்சு.

லப் டப், லப் டப். இரைச்சல் இல்ல, வளையல் இல்ல, கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு. அப்புறம் ம்ம்னு ஒரு முனகல். கொஞ்சம் விட்டு இன்னொரு முனகல், முன்னதவிட நீளமா. வார்த்தை புரியல. என்ன கேட்டாருன்னு எனக்குத்தான் தெரியுமே. அந்த ரெண்டாவது முனகலுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஒன்பது வினாடி சும்மா கிடந்துச்சு. நான் காத்துக்கிட்டு இருந்தேன். திரும்ப லப்னு வந்துச்சு.

நானும் பேசினேனே, அது எங்கன்னு கேட்டேன்.

"இது வெளிய இருக்கிறத எடுக்காது ஆண்டி. அவரு பேசுனது நெஞ்சு வழியா வந்திருக்கு."

அப்ப என் வளையல் மட்டும் எப்படிக் கேட்டுச்சு? கேக்கல நான். பதில் எனக்கே தெரியும். அப்ப என் கை அவரு மேல இருந்துச்சு.

மிசின் வச்சு இப்ப எட்டு மாசம் ஆகுது. அதுக்கப்புறம் அவரு ஒருதரம்கூட விழல. கம்பெனியில திரும்ப பஸ் குடுக்கல. ஷெட்டுல உக்காந்து எந்த பஸ் எப்பப் போகணும்னு பாக்கிற வேலை குடுத்திருக்காங்க. அங்க உக்காந்து எல்லா டிரைவரையும் வாய்க்கு வந்தபடி ஏசுறாராம். கெட்ட வார்த்தை எல்லாம் திரும்ப வந்துருச்சு. மக ஆஸ்பத்திரி நோட்டையெல்லாம் படிச்சுட்டு, அம்மாதான் அப்பாவக் காப்பாத்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. அவரும் ஆமாம்பாரு. கோபம்னு ஒண்ணும் இல்ல.

ஆனா போன மாசம் ஒருநாள், வாசல்ல உக்காந்து கோப்பி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது, ரோட்டப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"அன்னைக்கு நீ ஏன் ஒண்ணுமே பேசல?"

"பேசினேனே. நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னேனே."

"கேக்கல"ன்னாரு.

பொய் சொல்ற மனுஷன் இல்ல. ஆடு விஷயத்துல மட்டும்தான் சொன்னாரு, அதுவும் எனக்காக. அவருக்குக் கேக்கல. அந்தப் பட்டைக்கும் கேக்கல. நான் வாய்விட்டுத்தான் சொன்னேனா, இல்ல மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேனா? முதல்ல சத்தியம் பண்ணச் சொன்னாக்கூடப் பண்ணியிருப்பேன். இப்ப பண்ண மாட்டேன். யோசிக்க யோசிக்க அந்தக் குசினியில அவரு குரல் மட்டும்தான் எனக்கும் கேக்குது.

எதிர்வீட்டு அக்கா மூணு போத்தலையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவருக்கு இருமல் வந்தா தேய்க்கிறேன், முதுகுல மட்டும். நெஞ்சுப் பக்கம் போனா கை நின்னுடுது. அவரும் கேக்கிறதில்ல.

ஒரு பழக்கம் மட்டும் புதுசா வந்திருக்கு. அவரு குளிக்கப் போனா, நான் குசினியிலேருந்து சத்தமா, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுவேன். அக்கம்பக்கம் கேக்கிற அளவுக்குச் சொல்லுவேன். தெரியுது லா, நீ எங்க போகப்போறேன்னு உள்ளேருந்து குரல் வரும். சில நாள் தண்ணி சத்தத்துல பதில் வராது. அப்ப அடுப்ப அணைச்சுட்டுப் போய், வளையல் போட்ட கையால, அவரு பதில் சொல்ற வரைக்கும் கதவத் தட்டுவேன்.